ஆஸ்பத்திரிக் காவல் குழுவை நடத்துவது எப்படி?

(ஆஸ்பத்திரிக் காவல் சிப்பந்திகளும், ஆலைத் தொழிலாளர்களும், விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

இந்தக் கூட்டத்தில் இரண்டு விதமானவர்கள் உட்கார்ந்திருக்கிறோம். ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளே நின்று "போகக் கூடாது" என்று சொல்பவர்கள் ஒரு பக்கம். வெளியே நின்று "ஏன் போகக் கூடாது?" என்று கேட்பவர்கள் மறுபக்கம். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே குடும்பம்தான். மில் மூடியதும் வேலை போன தகப்பன் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார். மழை பொய்த்து, வயலில் வேலை இல்லாதபோது கிராமத்துத் தாய் அதே ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு வாசலில் இரவுக் காவலுக்கு உட்காருகிறார். அவர்களுடைய தம்பியும் மருமகளும் பேரப்பிள்ளையும் நோயாளியாக வந்து அதே வாசலில் தடுக்கப்படுகிறார்கள்.

எங்களைப் போன்ற முழுநேர ஊழியர்களுக்கு ஆஸ்பத்திரி வாசல் நன்கு பழக்கமான இடம். பாம்பு கடித்தவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். மெஷினில் கை மாட்டியவரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறோம். அங்கே எத்தனை சண்டைகள், எத்தனை கெஞ்சல்கள்! அந்தச் சண்டைகளில் பெரும்பாலும் மோதிக்கொண்டவர்கள் இரண்டு ஏழைகள்தான்.

காவல் சிப்பந்திகளில் சிலர் இப்போது சூப்பர்வைசர் பொறுப்புக்கு வந்திருக்கிறார்கள். "பத்துப் பதினைந்து பேரை வைத்துக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரியை எப்படிப் பாதுகாப்பது?" என்று அவர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. இது அவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. நம்மில் யார் எந்த நாள் எந்தக் கட்டிலில் படுக்கப் போகிறோம் என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லோரும் சேர்ந்து யோசிப்போம்.

யாரை யாரிடமிருந்து காப்பது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரிக் காவல் என்பது எதைக் காக்கும் காவல்? மில் வாசல் காவலாளி நூலையும் பஞ்சையும் சாமானையும் காக்கிறார். பாங்குக் காவலாளி பணத்தைக் காக்கிறார். ஆஸ்பத்திரியில் காக்கப்பட வேண்டியது எழுந்து ஓட முடியாத மனிதர். கால் உடைந்து கட்டிலில் தொங்க விடப்பட்டவர், மயக்க மருந்தில் கிடப்பவர், பிறந்து இரண்டு நாள் ஆன குழந்தை. ஆபத்து வந்தால் இவர்களால் தாமாகத் தப்ப முடியாது. அவர்களுக்காக ஓடுவதற்குத்தான் நம் கால்கள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன.

இதை மறந்துவிட்டால் என்ன ஆகும்? காவல் என்றாலே தடுப்பது என்று ஆகிவிடும். கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, வருபவனை விரட்டுவதே வேலை என்று ஆகிவிடும். கண்மாய் மடையில் நிற்கும் நீர்க்கட்டியை விவசாயத் தோழர்கள் அறிவார்கள். மூட வேண்டிய நேரத்தில் மூடுகிறவர் அவர். வெள்ளம் வரும்போது திறக்க வேண்டியவரும் அவரே. திறக்க வேண்டிய நேரத்தில் மூடி வைத்தால் கரை உடையும். ஊர் போகும்.

கல்கத்தாவில் நடந்தது

2011 டிசம்பர் 9ஆம் தேதி விடியற்காலையில் கொல்கத்தாவில், தாக்குரியா பகுதியில் உள்ள ஏ.எம்.ஆர்.ஐ. ஆஸ்பத்திரியில் தீப்பிடித்தது. பெரிய தனியார் ஆஸ்பத்திரி. கண்ணாடியால் மூடிய உயர்ந்த கட்டிடம். தீ பிடித்தது நிலவறையில். வண்டிகள் நிறுத்துவதற்காக விட வேண்டிய இடத்தில் எளிதில் தீப்பற்றும் சாமான்களை அடுக்கி வைத்திருந்தார்கள். தீ நிலவறையில்தான் இருந்தது. ஆனால் புகை ஏ.சி. குழாய்கள் வழியாக மேல் மாடிகளுக்கு ஏறிவிட்டது. ஜன்னல்கள் திறக்க முடியாத கண்ணாடிகள். சுமார் 90 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள். நெருப்பு அவர்களைத் தொடவே இல்லை. கட்டிலில் படுத்தபடியே புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள்.

ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் ஒரு குடிசைப் பகுதி உண்டு. அங்கே கூலி வேலை செய்யும் ஏழை ஜனங்கள் வசிக்கிறார்கள். புகையை முதலில் பார்த்தவர்களில் அவர்களும் உண்டு. உதவி செய்ய ஓடி வந்தார்கள். வாசலில் இருந்த காவலாளிகள் தங்களை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியதாக அவர்கள் பின்னர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்கள். தீயணைப்புப் படைக்குத் தகவல் சொல்வதிலும் காலதாமதம் ஆயிற்று. கடைசியில் அந்தக் குடிசை வாலிபர்களே உள்ளே புகுந்து, எத்தனையோ நோயாளிகளை வெளியே கொண்டுவந்து சேர்த்தார்கள். கேரளத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த இரண்டு இளம் நர்சுகள் தங்கள் வார்டிலிருந்து எட்டுப் பேரைக் காப்பாற்றினார்கள். ஒன்பதாவது நோயாளிக்காக மீண்டும் போனவர்கள் திரும்பி வரவில்லை.

தோழர்களே, இதில் அந்த வாசல் காவலாளிகளைச் சபிப்பது எளிது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவர்களுக்கு யார் என்ன கற்றுக் கொடுத்திருந்தார்கள்? "அன்னியரை உள்ளே விடாதே" என்று ஒரு கட்டளை மட்டும் இருந்திருந்தால், வீடு எரியும்போதும் அவர்கள் அதையே செய்வார்கள். "புகையைக் கண்டால் உடனே மணி அடி, தீயணைப்புப் படையைக் கூப்பிடு, கதவுகளைத் திற, உதவ வந்தவரைச் சேர்த்துக்கொள்" என்று யாராவது பத்து முறை பழக்கியிருந்தால்? நிலவறையில் குப்பை சேர்வதை ஒருவர் நோட்டில் எழுதி, மேலே அனுப்பி, பதில் கேட்டிருந்தால்? காவல் குழுவை நடத்துபவரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

தீ: இரவில் என்ன செய்வது?

2021 ஜனவரி 9ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின் மகாராஷ்டிரத்தில் பண்டாரா மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில், பச்சிளங் குழந்தைகள் பிரிவில் தீ. அங்கே 17 குழந்தைகள் இருந்தன. 7 குழந்தைகளைத்தான் காப்பாற்ற முடிந்தது. 10 சிசுக்கள் போய்விட்டன. 2024 நவம்பர் 15ஆம் தேதி இரவு உத்தரப்பிரதேசத்தில் ஜான்சி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில், அதே போன்ற பிரிவில் தீ. அன்றிரவே 10 குழந்தைகள் மாண்டன. அதற்கு அடுத்த மாதம், டிசம்பர் 12ஆம் தேதி இரவு, நம் திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தீ. இறந்தவர்களில் லிப்டுக்குள் சிக்கியவர்களும் உண்டு.

இந்த நான்கிலும் பொதுவாக இருப்பது என்ன? எல்லாம் இரவு நேரம். பெரிய டாக்டரும் நிர்வாகியும் இஞ்சினீயரும் வீட்டில் தூங்கும் நேரம். விழித்திருப்பவர்கள் நர்சு, வார்டு சிப்பந்தி, காவலாளி ஆகிய மூவர்தான். ஆகவே பகலில் பத்துப் பேரை வாசலில் நிறுத்திவிட்டு இரவில் இரண்டு பேரை விட்டு வைப்பவர் காவல் குழுவை நடத்தத் தெரியாதவர்.

மில் தோழர்களுக்குத் தீ புதிதல்ல. புளோ ரூமில் பஞ்சில் ஒரு பொறி விழுந்தால் எத்தனை நொடியில் பரவும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் பஞ்சும் உண்டு. அதோடு ஆக்சிஜனும் உண்டு. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் அது மிகுந்திருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும்; படுக்கை விரிப்பும் பிளாஸ்டிக்கும் சாதாரணமாக எரிவதைக் காட்டிலும் பல மடங்கு வேகத்தில் எரியும். ஆகவே ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கும் இடத்தில் பீடி, அடுப்பு, தொங்கும் ஒயர் எதுவும் கூடாது. சிலிண்டர் வால்வில் எண்ணெய்க் கை படக் கூடாது.

தீ என்றதும் செய்ய வேண்டியவை நான்கு. வரிசையை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். முதலாவது, நெருப்புக்கு மிக அருகில் இருப்பவரை அப்புறப்படுத்துவது. இரண்டாவது, மணி அடித்து, தீயணைப்புப் படையை 101லோ 112லோ கூப்பிடுவது. "சின்னத் தீதான், நாமே அணைத்துவிடலாம்" என்று யாரும் காத்திருக்கக் கூடாது. மூன்றாவது, அந்த அறையின் கதவை மூடிப் புகையை அடைப்பது. நான்காவது, தீ சிறியதாக இருந்தால் மட்டும் அணைப்பது. சிவப்புச் சிலிண்டரின் ஊசியைப் பிடுங்கி, ஜுவாலையை நோக்கி அல்ல, தீயின் அடிப்பாகத்தை நோக்கி, கைப்பிடியை அழுத்தி, இடமும் வலமுமாக வீசி அடிக்க வேண்டும். மின்சாரத் தீயில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

படுத்த நோயாளியை எங்கே கொண்டுபோவது? எடுத்த எடுப்பில் மாடிப்படியில் இறக்க முயன்றால் படியில் நெரிசலாகும். முதலில் அதே மாடியில், தீக்கதவுக்கு அப்பால் உள்ள அடுத்த பகுதிக்கு நகர்த்த வேண்டும். அங்கும் ஆபத்து வருமானால் பிறகு கீழே இறக்க வேண்டும். தூக்க ஆளில்லாவிட்டால் விரிப்போடு சேர்த்துத் தரையில் இழுத்துக்கொண்டு போகலாம். லிப்டில் ஏறக் கூடாது. வார்டின் ஆக்சிஜனை மூட வேண்டுமா என்பதை நர்சோ டாக்டரோதான் தீர்மானிக்க வேண்டும். அடுத்த கட்டிலில் ஒருவர் அந்த மூச்சில்தான் உயிரோடிருக்கலாம்.

இதையெல்லாம் காகிதத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினால் போதாது. மாதம் ஒரு முறை, அதுவும் இரவு ஷிப்டில், ஒரு கட்டிலை எடுத்து வைத்துக்கொண்டு செய்து பார்க்க வேண்டும். அவசர வழியின் பூட்டுக்குச் சாவி யாரிடம் இருக்கிறது, அந்த ஆள் இரவில் எங்கே இருப்பார் என்ற கேள்விக்கு எல்லோரும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கும் நேரத்தில் அவசர வழிக்குப் பூட்டே கூடாது என்பதுதான் சரியான பதில். "திருட்டுப் போய்விடும்" என்று நிர்வாகம் சொன்னால், அந்த வழியில் ஓர் ஆளைப் போடச் சொல்லுங்கள். பூட்டு மலிவு என்பதற்காக அதை ஆளின் இடத்தில் வைக்க முடியாது.

கோபத்தைக் கையாளுவது

அடுத்தது சண்டை. 2024 நவம்பர் 13ஆம் தேதி சென்னை கிண்டியில் உள்ள கலைஞர் நூற்றாண்டு ஆஸ்பத்திரியில், ஒரு புற்றுநோய் டாக்டரை ஓர் இளைஞர் கத்தியால் பல முறை குத்தினார். தன் தாய்க்குச் செய்த சிகிச்சை சரியில்லை என்று எண்ணியவர் அவர். டாக்டர் உயிர் பிழைத்தார். நாடெங்கும் டாக்டர்கள் கொதித்தார்கள். அவர்கள் கொதித்தது நியாயம். சிகிச்சை தரும் கையை வெட்டினால் அடுத்த நோயாளிக்கு யார் சிகிச்சை தருவார்கள்?

தமிழ்நாட்டில் இதற்கென 2008லேயே சட்டம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி ஊழியரைத் தாக்கினாலோ, ஆஸ்பத்திரிச் சொத்தைச் சேதப்படுத்தினாலோ மூன்று வருடம் முதல் பத்து வருடம் வரை சிறை. இதை நம் ஜனங்கள் அறிந்திருக்க வேண்டும். ஒரு நொடிக் கோபத்தில் கண்ணாடியை உடைத்தவனின் குடும்பம் பல வருடம் தெருவில் நிற்கும்.

ஆனால் சட்டம் குற்றம் நடந்த பின்னால் வருவது. கோபம் எங்கே விளைகிறது என்று பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுவருகிறார்கள். உள்ளே எடுத்துப்போய்க் கதவைச் சாத்துகிறார்கள். ஒரு மணி நேரம் ஆகிறது. இரண்டு மணி நேரம் ஆகிறது. உயிரோடிருக்கிறாரா, இல்லையா? யாரும் சொல்வதில்லை. கேட்டால் "ஓரமாய்ப் போய் நில்லுய்யா" என்று பதில். அந்த ஒரு சொல்லில் இரண்டு மணி நேரத்துப் பயமும் கோபமாக மாறுகிறது. அரை மணிக்கு ஒரு முறை ஒருவர் வெளியே வந்து, "அம்மா, டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார், ரத்தம் ஏற்றுகிறார்கள், இன்னும் கொஞ்ச நேரம் ஆகும்" என்று சொன்னால் அங்கே தடிக்கு வேலையே இருக்காது. தகவலைச் சொல்ல வேண்டியது டாக்டரும் நர்சும்தான். ஆனால் அவர்களிடம் போய், "வெளியே ஜனங்கள் தவிக்கிறார்கள், ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்டு அழைத்து வருவது காவல் குழுத் தலைவரின் கடமை.

கெட்ட சேதி சொல்ல வேண்டிய நேரம் இன்னும் நெருக்கடியானது. அதை வராந்தாவில் நின்று சொல்லக் கூடாது. ஓர் அறையில் உட்கார வைத்து, டாக்டரோடு இன்னொருவரும் இருந்து சொல்ல வேண்டும். கதவுப் பக்கம் மறிபடாமல் இருக்க வேண்டும். காவலாளி வாசலுக்கு வெளியே, கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். அழுபவரைத் தள்ளக் கூடாது. கூட்டத்தில் சத்தம் போடுபவரோடு மல்லுக்கு நிற்பதைவிட, அந்தக் குடும்பத்துப் பெரியவர் யார் என்று கண்டுபிடித்து அவரிடம் மரியாதையாகப் பேசுவது மேல். ஒருவர் ஆயுதத்தோடு வந்தால் அது வேறு விஷயம். அங்கே வீரம் காட்ட வேண்டியதில்லை. நோயாளிகளையும் ஊழியர்களையும் விலக்கி, கதவை அடைத்து, போலீசைக் கூப்பிட வேண்டும்.

சட்டை போட்டவனையும் சரிபார்

ஆபத்து எப்போதும் வெளியிலிருந்துதான் வரும் என்று எண்ணக் கூடாது. 2024 ஆகஸ்டு 9ஆம் தேதி கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். நீண்ட நேர டூட்டிக்கு நடுவில் கொஞ்சம் கண்ணயர ஓர் அறை இல்லாமல், கருத்தரங்குக் கூடத்தில் படுத்திருந்தார். குற்றவாளி என்று கோர்ட் தீர்ப்பளித்து, 2025 ஜனவரியில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டவன் யார்? போலீசுக்கு உதவியாக அமர்த்தப்பட்ட தொண்டன். அந்த ஆஸ்பத்திரியில் எங்கும் நடமாடிப் பழகியவன். காவல் என்ற பெயரே அவனுக்குக் கதவு திறந்தது.

சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. ஆகஸ்டு 20ஆம் தேதி, ஆஸ்பத்திரி ஊழியர்களின் பாதுகாப்புக்காகத் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அந்த ஆஸ்பத்திரியின் பாதுகாப்பை மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கச் செய்தது. இப்படிப்பட்ட தொண்டர்களை எந்த முறையில் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று அக்டோபரில் மாநில சர்க்காரைக் கேட்டது.

அந்தக் கேள்வியை ஒவ்வொரு காவல் குழுத் தலைவரும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். என் குழுவில் சேரும் ஆள் எங்கிருந்து வருகிறார்? அவரைப் பற்றிப் போலீஸ் விசாரணை நடந்ததா? டூட்டி இல்லாத நேரத்தில், டூட்டி இல்லாத மாடியில் அவர் ஏன் நிற்கிறார்? குடித்துவிட்டு வந்தவரை "நம்ம ஆள்தான், போகட்டும்" என்று விடுகிறேனா? தொழிலாளி ஒற்றுமை என்பது தவறு செய்பவனை மறைப்பதல்ல. ஒரு கயவனை மறைத்தால் நேர்மையான நூறு பேரின் சட்டையில் கறை படியும்.

பெண் ஊழியர்களைக் கேளுங்கள். எந்த வராந்தாவில் விளக்கு எரியவில்லை, எந்த அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, எந்தக் கழிப்பறைக்கு இரவில் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்பதை அவர்கள் சொல்லுவார்கள். அந்தப் பட்டியலே காவல் குழுவின் வேலைத் திட்டம். பெண்கள் வார்டுக்கும் பிரசவ வார்டுக்கும் பெண் காவலாளிகள் வேண்டும்.

பிரசவ வார்டைப் பற்றி இன்னொரு வார்த்தை. 2022 ஜூலையில் பொள்ளாச்சி அரசு ஆஸ்பத்திரியிலிருந்து பிறந்து சில நாளே ஆன ஒரு பெண் குழந்தையைத் திருடிச் சென்றார்கள். போலீசார் தேடி, பாலக்காட்டில் குழந்தையை மீட்டுத் தாயிடம் சேர்த்தார்கள். குழந்தை திருடுபவர் முகமூடி போட்டுக்கொண்டு வருவதில்லை. "அக்கா, நான் வைத்துக்கொள்கிறேன், நீங்கள் போய்ச் சாப்பிட்டு வாருங்கள்" என்று அன்பாகப் பேசிக்கொண்டு வருவார். ஆகவே குழந்தையோடு வெளியேறுபவர் யாராக இருந்தாலும், தாயின் பெயரும் விடுவிப்புச் சீட்டும் பார்க்காமல் வாசலைத் தாண்ட விடக் கூடாது. அதைக் கேட்கும்போது குரலில் கடுமை வேண்டியதில்லை. "உங்கள் பிள்ளையின் பத்திரத்துக்காகத்தான் கேட்கிறோம்" என்று சொன்னால் எந்தத் தாயும் கோபிக்க மாட்டாள்.

காவலாளியும் தொழிலாளிதான்

இவ்வளவையும் யாரைக் கொண்டு செய்வது? அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் காவலும் துப்புரவும் காண்டிராக்டில் விடப்பட்டிருக்கின்றன. காலையில் பழைய இடத்தில் ஒரு டூட்டி, மாலையில் இங்கே ஒரு டூட்டி என்று நின்று, கண் சிவந்த மனிதரிடம் விழிப்பை எதிர்பார்க்க முடியுமா? மூன்று மாதம் சம்பளம் நிலுவை என்றால் அவர் மனம் வாசலில் இருக்குமா, வட்டிக்காரன் வீட்டு வாசலில் இருக்குமா?

தனியார் காவல் நிறுவனங்களுக்காக 2005ல் மத்திய சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. அதன் கீழ் 2006ல் வெளியிட்ட மாதிரி விதிகள் என்ன சொல்லின? புதிதாகச் சேரும் காவலாளிக்கு 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி, குறைந்தது 20 வேலை நாட்கள். 15 காவலாளிகளுக்கு மேல் போகாமல் ஒரு சூப்பர்வைசர். இங்கே உட்கார்ந்திருக்கும் காவல் தோழர்களே, உங்களில் எத்தனை பேருக்கு அந்த 160 மணி நேரப் பயிற்சி கிடைத்தது? தொப்பியும் விசிலும் கொடுத்து முதல் நாளே வாசலில் நிறுத்தப்பட்டவர்கள் கையை உயர்த்துங்கள் என்று கேட்டால் எத்தனை கைகள் எழும்?

பயிற்சியும் சம்பளமும் ஓய்வும் காவலாளிக்குக் காட்டும் தயவு அல்ல. நோயாளியின் உயிருக்குக் கட்டும் கரை. காண்டிராக்டர் கூலி கொடுக்காவிட்டால் வேலை வாங்கும் நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சூப்பர்வைசராக வந்தவர் இதைத் தன் ஆட்களுக்காகக் கேட்க வேண்டும். கீழே உள்ளவர்களிடம் அதட்டலும் மேலே உள்ளவர்களிடம் கும்பிடும் வைத்திருப்பவர் மேஸ்திரி ஆகலாம். தலைவர் ஆக முடியாது. தலைவர் என்பவர் இரவு இரண்டு மணிக்குத் திடீரென்று வந்து, தூங்கியவரை எழுப்பி, ஏன் தூங்கினாய் என்று கேட்பவர். "இரண்டாவது ஷிப்டாக நிற்கிறேன்" என்று பதில் வந்தால், அந்த இரண்டாவது ஷிப்டைப் போட்டவரிடம் காலையில் போய்ச் சண்டை போடுபவரும் அவரே.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு எரியாத இடம், காலாவதியான தீயணைப்புச் சிலிண்டர், வழியை மறித்துக் கிடக்கும் பழைய கட்டில், ஆள் குறைந்த ஷிப்டு எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். நிர்வாகத்திடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வாயால் சொன்னது காற்றில் போகும். எழுதிக் கையெழுத்து வாங்கியதை யாரும் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. ஷிப்டு மாறும்போது அந்த நோட்டும் கை மாற வேண்டும். மில்லில் அடுத்த ஆள் மெஷினுக்கு வந்து நிற்கும் வரை நாம் நகர்வதில்லை அல்லவா? மெஷினுக்குக் காட்டும் மரியாதை மனிதனுக்கும் வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். ஸ்டிரெச்சர் தள்ள இவ்வளவு, உள்ளே விட இவ்வளவு என்று வாசலில் கை நீட்டும் வழக்கம் உண்டு. ஜனங்களுக்குக் காவலாளி மேல் வெறுப்பு வருவதற்கு முதல் காரணம் இதுதான். சம்பளம் போதவில்லை என்பது உண்மை. அதற்காக நம்மைவிட ஏழையின் முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொல்வது நியாயமாகாது. போதாத சம்பளத்தைக் கேட்க வேண்டிய இடம் காண்டிராக்டரின் ஆபீஸ். அங்கே கேட்கத் தைரியம் வேண்டுமானால் ஜனங்கள் நம் பக்கம் நிற்க வேண்டும். காசு வாங்கிய கைக்காக எந்த ஜனம் வந்து நிற்கும்?

வெளியே நிற்கும் தோழர்களுக்கு

ஆலைத் தோழர்களே, விவசாயத் தோழர்களே! உங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் தெருவே திரண்டு போவது நம் வழக்கம். அதில் பாசம் இருக்கிறது. ஆனால் இருபது பேர் அவசரப் பிரிவு வாசலை அடைத்து நின்றால், அடுத்த 108 வண்டியில் வரும் உயிர் எந்த வழியாக உள்ளே போகும்? ஒருவர் உள்ளே இருக்கட்டும். இரண்டு பேர் ரத்தத்துக்கும் மருந்துக்கும் வெளியே காத்திருக்கட்டும். மற்றவர்கள் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளட்டும். குடித்தவரை அழைத்துப் போகாதீர்கள். வார்டில் ஸ்டவ் பற்ற வைக்காதீர்கள். வாசலில் நிற்பவர் கேட்டால் சீட்டைக் காட்டுங்கள். அவர் மரியாதை இல்லாமல் பேசினால் கையை ஓங்காதீர்கள். நேரத்தையும் அவருடைய சட்டை நம்பரையும் குறித்துக்கொண்டு எழுத்தில் புகார் கொடுங்கள்.

அதே நேரத்தில் கேட்க வேண்டியதை விடாமல் கேளுங்கள். உள்ளே போனதும் அவசர வழி எங்கே என்று பாருங்கள். பூட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை. நோயாளியைப் பற்றித் தகவல் கேட்பதும் உங்கள் உரிமை. கல்கத்தாவில் அந்தக் குடிசை ஜனங்களை யாரும் சம்பளத்துக்கு அமர்த்தவில்லை. ஆபத்து நேரத்தில் அவர்கள்தான் காவல் குழுவின் பாதியாக நின்றார்கள்.

ஆகவே ஒரு யோசனை. உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு இந்த மாதத்தில் ஒரு நாள் காவல் சிப்பந்திகளும், சங்கத் தோழர்களும், நர்சுகளும் சேர்ந்து, நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி, இரவு பத்து மணிக்கு ஒரு சுற்று நடந்து பாருங்கள். எத்தனை கதவு திறக்கிறது, எத்தனை விளக்கு எரிகிறது, எத்தனை சிவப்புச் சிலிண்டர் உயிரோடிருக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணியதை எழுதிக் கொடுங்கள். அடுத்த மாதம் போய், எழுதியதில் எது சரியாயிற்று, எது ஆகவில்லை என்று மறுபடி எண்ணுங்கள்.

பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஆனால் ஏதோ ஓர் இரவில், நம்மில் ஒருவருடைய பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருக்கும்போது புகை எழுந்தால், அந்தக் கதவு திறக்க வேண்டும். திறக்கத் தெரிந்த ஒருவர் அதன் பக்கத்தில் விழித்திருக்க வேண்டும். அதற்கு இன்றைக்கே வேலையைத் தொடங்குவோம்.